ஆன்மப் பாடகியின் மூன்றாம் அத்தியாயம்

அந்த ரெக்கார்டு ஒரு கம்பளிக் கோட்டுக்குள் சுற்றி வைக்கப்பட்டு வந்தது.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்று, நம் முறை வரும்போது ஸ்டாக் இல்லை என்று கேட்டுத் திரும்பிய வருஷங்கள் அவை. அமெரிக்காவிலிருந்து எங்கள் மாதா கோயில் வழியாக நிவாரணச் சாமான்கள் வரும். பால் பவுடர், கோதுமை ரவை, தகர டின்னில் எண்ணெய், இவற்றோடு எப்போதாவது ஒரு துணி மூட்டை. செஞ்சி மலைப் பாறைகள் தணலாகக் கொதிக்கும் நாளில் மூட்டையை அவிழ்த்தால் முழங்கால் வரை தொங்கும் குளிர்கோட்டுகள் விழும். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருவர் அதைக் காளைக்குப் போர்த்தினார். இன்னொருவர் மல்லாட்டைக் கொல்லையில் கழியில் மாட்டி வைத்தார். கடலையைத் தோண்ட வந்த காட்டுப்பன்றி அதைப் பார்த்துத் திரும்பி ஓடியதாகவும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.யு.சி. முடித்து, ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது பெயருக்குத்தான், கால் தரிக்காது. யாருக்காவது மனு எழுத வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், இங்கிலீஷ் கடிதம் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பேன். அப்படித்தான் துணி பிரித்துக் கொடுக்கிற வேலைக்கும் போய் நின்றேன். கோட்டை உதறியபோது ரெக்கார்டு உறையோடு தரையில் விழுந்தது. உறையில் ஒரு கறுப்புப் பெண். கண் மூடியிருந்தாள், வாய் திறந்திருந்தது. கோயில் சாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு உடுத்தறது? நீயே வெச்சிக்கோ" என்றார்.

உறையின் பின்பக்கம் இங்கிலீஷில் மூன்று பத்தி இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அது எனக்கு மனப்பாடம். பருத்தி விளையும் தெற்குச் சீமையில் பிறந்தவள். ஆறு வயதில் கோயில் பாடகர் குழுவில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று பாடினாள். பிறகு பட்டணம் போனாள், கோயிலில் கற்ற குரலை மேடையில் காதல் பாட்டுக்குக் கொடுத்தாள். அந்தப் பாட்டு வகைக்கே சோல், அதாவது ஆன்மா என்று பெயர். இன்று அவள் பாடினால் அரங்கம் முழுவதும் எழுந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று பத்தியும் என்னைப் பிடித்து ஆட்டின. கடல் தாண்டி ஒருத்தி இப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறாள், அது செஞ்சியில் எனக்கு மட்டும் தெரியும் என்பது, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாட்டைக் கேட்பதற்கு முன்பே எனக்குப் போதை ஏற்றிவிட்டது.

பாட்டைக் கேட்க அண்ணனின் நண்பர் கடைக்குப் போனேன். கடைவீதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை அது. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் வாசகசாலை வைத்திருந்தார். அங்கிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அவர்தான் ஆசிரியர். நான் அவரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பிளேயர் முள்ளை ரெக்கார்டின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னா பாப்பா இது, பாடறாளா, யார்கிட்டயாவது சண்டை போடறாளா?"

"ஆன்ம சங்கீதம்ணா."

"ஆன்மாவா? பொழுது சாயற நேரத்துல போடாத. எதிர்க்கடைச் செட்டியார் வேப்பிலையோட வந்துடுவாரு."

சிரித்தார். ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாம் பாட்டில் வாசலில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் தோளில் உப்பு மூட்டையோடு நின்றார். மூட்டையை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இவளப் பத்தி எழுதேன். தொடரா போடலாம்" என்றார் அண்ணன்.

எங்கள் பத்திரிகை எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. முழுத்தாளை மடித்து, கையால் எழுதி, கலர் மசியில் படம் போட்டு, ஊசிநூலால் தைத்து, அட்டை ஒட்டுவோம். அது ஒரு வீட்டில் இரண்டு நாள் என்று கை மாறிக்கொண்டே போகும். கடைசியில் நாலு தாளை வெற்றாக விட்டிருப்போம், படித்தவர்கள் கருத்து எழுத. எழுதுகிற எங்களுக்குக் கூலி அந்த நாலு தாள்தான். பிரதி திரும்பி வந்ததும் கதையைப் புரட்டுவதற்கு முன் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவோம்.

முதல் அத்தியாயத்தில் பருத்தி வயலும் மரப்பெட்டியும் போயிற்று. இரண்டாம் அத்தியாயத்தில் பட்டணத்துக்கு ரயில் ஏறினாள். உறையில் இருந்த மூன்று பத்தியையும் பதினாறு பக்கமாக இழுத்திருந்தேன். கடைசித் தாள்களில் "மேலே என்ன?" "சீக்கிரம் எழுதவும்" என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒரு தபால்காரர் "இவர் அமெரிக்கா போய் வந்தவரா?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் மேலே எழுத என்னிடம் எதுவும் இல்லை.

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நைனாவின் அக்கா. அனந்தபுரம் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஒரு மைல் நடந்தால் வருகிற எங்கள் பூர்வீக ஊரில் இருந்தாள். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர்கள் ஊர் அது. அத்தைக்குக் கல்யாணம் இல்லை. நாலு ஆடு, ஒரு துண்டு கொல்லை. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவள்தான் ராணி. சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கி மாதாவின் மடியில் கிடத்தியதும், மணி அடிக்கக் கூடாத நாள் என்பதால் மரக்கட்டையைத் தட்டி நிறுத்துவார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பும். மாதா புலம்பல். ஆர்மோனியம் கிடையாது, பின்பாட்டு கிடையாது. பன்னிரண்டு அடிப் பாட்டு, அடிக்கு அடி "மகனே" என்று முடியும். புத்தகத்தில் இல்லாத பாட்டு. தாய்க்குப் பின் மகள் என்று வாய்வழியாகவே வந்தது. தொண்டூர்ப் பக்கத்திலிருந்துகூட, வேதத்தில் சேராதவர்கள், அதைக் கேட்க மட்டும் வண்டி கட்டி வருவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அத்தைதான் பாடினாள். வருஷத்தில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஆட்டுக்காரி, அந்த ஒரு நாள் ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சந்தைக்கு வந்த அத்தை எங்கள் வீட்டில் தங்கிய ஒரு நாள், மைக் செட் அண்ணனிடம் பிளேயரை இரவல் வாங்கி வந்து அவளுக்கு அந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். ஒரு சொல் புரியாது அவளுக்கு. பாட்டு முடிந்ததும் சொன்னாள்:

"இவ கோயில்ல பாடினவடி."

உறையில் எழுதியிருந்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை.

"எப்படி அத்தே கண்டுபிடிச்ச?"

"மூச்சு எங்க விடறான்னு பாரு. எதிர்ல ஜனம் இருக்குதுன்னு பாடறவ அங்க விடமாட்டா."

அதற்குப் பிறகுதான் அவள் அதைச் சொன்னாள். அம்மா கிணற்றடியில் இருந்தாள், நைனா வேலைக்குப் போயிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். அவளுக்கு என் வயது இருக்கும்போது, செஞ்சியில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்ததாம். முட்டை விற்கப் போன இடத்தில் இவள் முணுமுணுத்ததை ஆர்மோனியக்காரர் கேட்டுவிட்டார். கதாநாயகி வேஷக்காரிக்குத் தொண்டை போயிருந்தது. கம்பெனி கிளம்பியபோது அத்தையும் போய்விட்டாள். பதினோரு மாதம் ஊர் ஊராகப் படுதாவுக்குப் பின்னால் நின்று பாடினாள். முன்னால் அந்த அம்மாள் வாயசைப்பாள். ஒரு நாள்கூட இவள் முகத்தை ஜனம் பார்த்ததில்லை.

"தெனம் பூசணிக்கா கொழம்புடி. இன்னிக்கும் பூசணிக்காயப் பாத்தா எனக்குத் தாளம் கேக்குது" என்று சிரித்தாள்.

பதினோரு மாதம் கழித்துக் கம்பெனி மறுபடி செஞ்சிக்கு வந்தது. அப்போது தவசு காலம், பெரிய வெள்ளிக்கு முந்தின விரத நாட்கள். நம்மவர்கள் யாரும் நாடகம் பார்க்க வரமாட்டார்கள் என்று தைரியமாகப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணக் காட்சி, மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்துப் பாட வேண்டும்.

"அந்த நேரத்துல நம்ம ஊர்ல பொலம்பல் பழக ஆரம்பிச்சிருப்பாங்களேன்னு நெனப்பு வந்துட்சி. அம்மா ஒண்டியா பாடிக்கினு இருப்பாங்களேன்னு. வாய் அது பாட்டுக்குப் போயிட்சி. மாப்ளயப் பாத்து மகனே, மகனேன்னு பாடிட்டேன்."

கொட்டகை முதலில் சிரித்தது, பிறகு அழுதது. அந்தக் கூட்டத்தில் விரதத்தை மீறி ஒளிந்து வந்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர், அவளுடைய தம்பி, என் நைனா. குரலைக் கேட்டதும் எழுந்து படுதாவுக்குப் பின்னால் போய் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். பாண்டிச்சேரியில் கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலையாக இருந்தாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். ஊர் நம்பியது. அத்தையின் அம்மா கண்மூடிய பிறகு புலம்பல் அவளுக்கு வந்தது.

"கூத்தாடிக் கூட்டத்துல இருந்தவன்னு தெரிஞ்சா பாட விடமாட்டாங்கடி. எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"சத்தியமா சொல்லமாட்டேன் அத்தே."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த ரெக்கார்டுக்காரி கோயிலிலிருந்து வெளியே போய்ப் பாடி, அதை எல்லோருக்கும் தெரியும்படி பாடி, பெயரும் எடுத்திருக்கிறாள் என்று நான் உறையைப் படித்துச் சொன்னதைக் கேட்டு, "குடுத்து வெச்சவ" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் அத்தியாயத்தை நான் எழுதியது மறுநாள் இதழைத் தைக்க வேண்டும் என்ற நிலையில். மைக் செட் அண்ணன் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனா ஓடத் தொடங்கியது. பட்டணம் போன பாடகி ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். குரல் போன நாயகிக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடினாள். கல்யாணக் காட்சியில் தன்னை மறந்து கோயில் பாட்டைப் பாடிவிட்டாள். மணமகனைப் பார்த்து, மகனே என்று. பூசணிக்காயை உருளைக்கிழங்காக்கினேன். கொட்டகையைக் கூடாரமாக்கினேன். தம்பியைத் தகப்பனாக்கினேன். மகனே என்பதை மாற்றவில்லை. மாற்றினால் காட்சி செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். இது சத்தியத்தை மீறுவதா என்று ஒரு கேள்வி வந்தது, மறைக்கமாட்டேன். பெயர் சொல்லவில்லையே, தேசமே வேறாயிற்றே என்று அதற்குப் பதிலும் உடனே வந்தது. அந்தப் பதில் அவ்வளவு சுருக்காக வந்ததிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எழுதி முடித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. என் எழுத்தைப் படித்து நானே அழுதேன். அத்தைக்காக அழுததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் கழித்துப் பிரதி என் கைக்கு வந்தது. கடைசித் தாள்களைப் புரட்டினேன். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அந்த இதழ் இன்றும் என்னிடம் இருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்: "மூன்றாம் அத்தியாயம் படித்தேன். இது அமெரிக்காவில் நடந்ததோ என்னவோ, செஞ்சியிலும் நடந்திருக்கிறது. நான் வாலிபனாக இருந்தபோது கம்பெனி நாடகத்தில் கல்யாணக் காட்சி. மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்து மகனே என்று பாடினாள். முதல் அடிக்குச் சிரித்தோம். இரண்டாம் அடிக்குச் சிரிப்பு நின்றது. மூன்றாம் அடிக்கு என் தகப்பனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேஷக்காரி வாயை மூடிய பிறகும் பாட்டு வந்துகொண்டிருந்தது. பாடியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் எழுத்தில் அந்தக் குரலை மறுபடி கேட்டேன்."

அந்தத் தாளை நான் கிழித்திருக்கலாம். ஒரே பிரதி. நான் கிழித்தால் அது உலகத்திலேயே இல்லை. அடுத்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அதை எடுத்து எடுத்துப் படித்தேன். எனக்கு அதுவரை வந்த பாராட்டுகளில் அதுதான் நீளமானது. கிழிக்காதது மட்டுமா, கீழே பதிலும் எழுதினேன்: "வாசக அன்பருக்கு நன்றி. உயர்ந்த கலை எந்த தேசத்தில் பிறந்தாலும் ஒரே குரலில்தான் அழும்." எழுதிவிட்டு, கையெழுத்து நன்றாக விழுந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தேன். மற்றதையெல்லாம் அவசரம், வயசு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வரிக்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை.

அடுத்து அந்தப் பிரதி போனது ஒரு இளம் வாத்தியாரிடம். அத்தையின் ஊர்க்காரர், வாரம் இரண்டு நாள் சைக்கிளில் வாசகசாலைக்கு வருவார். வேடிக்கையாக எழுதுகிறவர். பெரியவரின் குறிப்புக்கும் என் பதிலுக்கும் கீழே எழுதினார்: "எங்கள் ஊர் மாதா புலம்பலில் அடிக்கு அடி மகனே உண்டு. அமெரிக்கப் பாடகி எங்கள் ஊர்ப் பாட்டை எங்கே கற்றாள்? தெரிந்தவர்கள் சொல்லலாம்." அவர் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் தன் வீட்டில் இதழை உரக்கப் படித்துக் காட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அவருடைய அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி நாடகம் வந்தது எந்த வருஷம், அந்த வருஷம் ஊரில் இல்லாத பெண் யார் என்று யோசித்துப் பார்க்க அவளுக்குக் குழம்பு கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நைனா பஸ்ஸில் கேள்விப்பட்டு வந்தார். சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"பத்திரிகையில நீ எழுதினியா?"

"அது அமெரிக்கா கதை நைனா."

"உனக்கு யாரு சொன்னது?"

"... அத்தை."

பிறகு அம்மா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க அம்மாக்குக்கூட நான் சொன்னதில்ல. இத்தினி வருஷமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஊரில் பூசை முடிந்ததும் சாமியார் வீட்டு வராந்தாவில் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். சாமியார், ஊர் நாட்டாண்மை, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், இந்தப் பக்கம் அத்தை, நைனா, நான். ரெக்கார்டு உறையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சாமியார் மூன்று பத்தியையும் நிதானமாகப் படித்தார்.

"இதுல நாடகமும் இல்ல, படுதாவும் இல்லயேம்மா. எங்கேர்ந்து எழுதின?"

நானே கற்பனை செய்தேன் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மளிகைக் கடைக்காரர் சொன்ன பழைய கதையை எங்கோ கேட்டு எழுதினேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சாமியார் நல்லவர், எடுத்துக்கொண்டிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது, வாசல் தூணோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற வாத்தியாரின் முகம். நான் அமெரிக்கப் பாடகியின் சரித்திரத்தை இட்டுக்கட்டிவிட்டேன் என்பது நாளைக்கு வாசகசாலை முழுவதும் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் அத்தைக்குப் போதுமானதாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், சாமியார் பக்கம் திரும்பினாள்.

"அவளக் கேக்காதீங்க சாமி. நான்தான் பாடினது. பதினோரு மாசம்."

நாட்டாண்மை தொடையைத் தட்டினார். "கேட்டீங்களா? மாதாவுக்குப் பாடற வாயி, நாடகத்துல மாப்ளக்கிப் பாடின வாயா?"

"மாப்ளக்கிப் பாடலீங்க. மாப்ளயப் பாத்து மாதா பாட்டத்தான் பாடினேன்."

உபதேசியார் சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நாட்டாண்மை சிரிக்கவில்லை. "இருவது வருஷமா பொய் சொல்லிக்கினு அந்த எடத்துல நின்னுருக்குது. அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார், அந்தப் பொய் அவருடையது. சாமியார் உறையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இந்த வருஷம் வேற யாராவது பாடட்டும். ஊர் அடங்கட்டும், பாக்கலாம்."

அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது அவள் பின்னாலேயே ஓடினேன். "அத்தே" என்றேன். "ஆடு கத்தும், நான் போறேன்" என்று நடந்துவிட்டாள்.

மைக் செட் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இதழை எடுத்து என் கையில் கொடுத்து, "எரிக்கறதோ வெச்சிக்கறதோ, நீயே பாத்துக்கோ" என்றார். தொடர் நின்றுவிட்டது. ஏன் என்று ஒன்பது பேரும் கேட்டார்கள். எழுத்தாளருக்கு உடல்நலமில்லை என்று அண்ணன் ஒரு வரி போட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. நான் போகமாட்டேன் என்றேன். "போயிதான் ஆவணும்" என்றார் நைனா. அத்தை பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். சுற்றி இருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாட வைத்திருந்தது உபதேசியார் மகளை. பதினாறு வயது, நல்ல பெண், சுத்தமான குரல். அத்தையிடம் போய்க் கற்றுக்கொள்ள அவளுக்கு அனுமதியில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்டு மனதில் நின்றதை அப்பாவும் மகளும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதியிருந்தார்கள்.

சுரூபத்தை இறக்கினார்கள். மரக்கட்டைச் சத்தம் நின்றது. அந்தப் பெண் எழுந்து பாடினாள். முதல் அடி, இரண்டாம் அடி, சரியாகத்தான் போனது. ஐந்தாம் அடியில் நின்றுவிட்டாள். நோட்டைப் பார்த்தாள். நோட்டில் ஐந்துக்குப் பிறகு அடிகள் முன்பின்னாக இருந்திருக்க வேண்டும். மறுபடி ஐந்தைப் பாடினாள், மறுபடி நின்றாள். ஆண்கள் பக்கம் நாட்டாண்மை கழுத்தை நீட்டினார். தொண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவி உரக்கவே கேட்டாள்: "எப்பவும் பாடற பொம்பளை எங்க?"

எல்லாத் தலையும் சுவரோரம் திரும்பியது. அத்தை சுவரிலிருந்து முதுகை நிமிர்த்தினாள். மூச்சை இழுத்தாள். பாடப்போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் பாடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சந்தையில் விலை சொல்வது போன்ற வெறும் குரலில், ராகம் ஒரு துளி ஒட்டாமல், ஆறாம் அடியைச் சொன்னாள். கடைசியில் மகனே என்றும் சொன்னாள். அந்தப் பெண் அதைப் பிடித்துப் பாடினாள். அத்தை அடுத்த அடியைச் சொன்னாள். அப்படியே பன்னிரண்டாம் அடி வரை. அவள் சொல்லச் சொல்ல அவள் வலது கை மடியில் தாளம் போடப் பார்த்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் கேட்டேன். "பாடியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாங்க அத்தே. எல்லாரும் உன்னத்தான் பாத்தாங்க."

"பாடக்கூடாதுன்னு சாமி சொன்னாரு. சொல்லக்கூடாதுன்னா சொன்னாரு?"

"அத்தே, என்ன மன்னிச்சிடு."

என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று தேடினேன், கோபம் இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அந்த மகனேன்னு பாடற எடத்த ரொம்ப நல்லா எழுதியிருந்தியாமே. வாத்தியாரு அம்மா சொன்னா. அழுதாளாம்" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை அனுப்பிவிட்டாள்.

சாமியார் சொன்ன அந்தப் பாக்கலாம் என்பதைப் பிறகு யாரும் எடுத்துப் பேசவில்லை. அவருக்கும் மாற்றல் வந்தது. அடுத்த வருஷத் தவசு காலத்தில் உபதேசியார் மகள் கையில் இருந்த நோட்டில் பன்னிரண்டு அடியும் இருந்தன. போன வருஷம் அத்தை சொன்னதை அன்றைக்கே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய வெள்ளிக்குப் போகும் வழியில் அத்தை வீட்டில் நுழைந்தேன். முழங்கால் வலி, வரவில்லை, நீ போய் வா என்றாள். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள், முழங்காலை மடக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து.

நான் போனேன். கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டேன். அந்தப் பெண் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நன்றாகத்தான் பாடினாள். தொண்டூர்க் கிழவி பக்கத்திலிருந்தவளிடம், "இந்தப் பொண்ணும் பரவால்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது.